அன்றைக்கு நான்தான் வால்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. எங்கள் சைக்கிள் கிளப்பிலிருந்து பதினேழு பேர், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கிளம்பி அதிராம்பட்டினம் கடற்கரை வரைக்கும் போனோம். நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். போகும்போது சைக்கிள், திரும்பும்போது வேன். ஐப்பசியில் யாராவது கடலுக்குச் சைக்கிளில் போவார்களா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். நான் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக ஊசி குத்துகிற வேலை. வயது நாற்பத்தைந்து. பொறுமை கொஞ்சம் குறைவு என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலை பார்க்கும் இடத்திலும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் பொய் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போய் வழி காட்டுகிறவரை 'தலை' என்போம். கடைசியில் வருகிறவர் 'வால்'. வாலுக்கு ஒரே வேலைதான். எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும். யாரையும் முந்தக் கூடாது. ஒருத்தர் பங்க்சர் ஆகி நின்றால் வாலும் நிற்கும், ஒருத்தர் ஒதுங்கப் போனால் வாலும் காத்திருக்கும். வால் வந்து சேர்ந்துவிட்டால் எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம். அதனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று நாங்கள் தலை எண்ணுவதே இல்லை. வால் வரும்வரை யாரும் சாப்பாட்டில் கை வைக்கவும் மாட்டார்கள். அதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

இந்தப் பயணத்துக்காக நான் மூன்று மாதம் தயாரானேன். தினமும் விடியற்காலையில் கொள்ளிடம் பாலம் தாண்டி திருவெள்ளறை வரை போய்விட்டுத் திரும்புவேன். முன்வரிசை ஆட்களோடு சேர்ந்து போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கடைசியில் முதல் நாள் ராத்திரி வந்த பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'வால்' என்று போட்டிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் காலை நாலரைக்குச் சத்திரத்துக்குப் போனேன்.

அங்கேதான் பேட்டரிக்காரரைப் பார்த்தேன். தென்னூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறவர். என் வயதுதான் இருக்கும். கிளப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நல்ல கனமான உடம்பு. அவருடைய மனைவி ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்திருந்தார். வால் யார் என்று விசாரித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"இவருக்குச் சுகர் இருக்குங்க. காலையில இன்சுலின் போட்டுக்குவார். நேரத்துக்குச் சாப்பிட்டாகணும். கொஞ்சம் பார்த்துக்குங்க."

"பார்த்துக்கறேன்ங்க, நான் லேப்லதான் வேலை பார்க்கறேன்" என்றேன். அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சரியான ஆளிடம்தான் ஒப்படைத்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

பேட்டரிக்காரர் பேசுகிற ஆள். துவாக்குடி தாண்டுவதற்குள் அவர் கடை வைத்த கதை, மகள் பிளஸ் டூ படிக்கிற கதை, மாமனாருக்கு மூட்டு வலி வந்த கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி நகரவில்லை. முன்னால் போனவர்களின் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைந்தன. கடைசியில் ரோட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் பேச்சு, என் பெருமூச்சு.

தஞ்சாவூரில் எட்டரைக்கு டிபன். அவர் ஒரு ஓரமாகத் திரும்பி நின்று சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். நாலு இட்லி, ஒரு வடை சாப்பிட்டார். ஊரை விட்டு வெளியே வரும்போது திடீரென்று ஒரு மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் ஹேண்டிலில் மாட்டுகிற தண்ணீர் புகாத பை இருந்தது. "மேடம், என் போனையும் இதையும் உங்க பையில வச்சுக்கறீங்களா? நனைஞ்சுடும்" என்று போனையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தார். பொட்டலத்தில் குளுக்கோஸ் பவுடரும் நாலைந்து பேரீச்சம்பழமும் இருந்தன. அவர் ஒரு கடையில் நீல நிறப் பிளாஸ்டிக் ஷீட் வாங்கிப் போர்த்திக்கொண்டார்.

அந்த மழை கால் மணி நேரத்தில் நின்றது. உடனே வெயில். ஒரத்தநாடு போவதற்குள் நனைந்த துணி உடம்பிலேயே காய்ந்தது. பிறகு மறுபடி தூறல், மறுபடி வெயில். ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் கடலிலிருந்து எதிர்க்காற்று ஆரம்பித்தது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். மேடு இருந்தால் ஏறி இறங்கலாம். காற்றுக்கு இறக்கமே கிடையாது. எவ்வளவு மிதித்தாலும் அதே தென்னை மரம் அதே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். தொடை எரிந்தது, உள்ளங்கை மரத்துப்போயிற்று, உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெதுவாகப் போவதுதான் வேகமாகப் போவதைவிடக் களைப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் பேட்டரிக்காரர், பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று விளக்கிக்கொண்டு வந்தார். நான் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

"பேசறதுக்குச் செலவாகற மூச்சை மிதிக்கறதுக்கு வச்சுக்கிட்டீங்கன்னா, இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். "சரிதாங்க மேடம்" என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்கு முதலில் காது ஓய்ந்த நிம்மதிதான். ஒரு பத்து நிமிடம் கழித்துத்தான் கொஞ்சம் உறுத்தியது. அதையும் எதிர்க்காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பட்டுக்கோட்டை வந்தபோது மணி ஒன்றேகால். முன்னால் போனவர்கள் கடற்கரைக்கே போய்விட்டதாகப் போன் வந்தது. பேட்டரிக்காரர் ஒரு ஹோட்டல் வாசலில் காலை ஊன்றி நின்றார். "மேடம், இங்க எதாவது லேசாச் சாப்பிட்டுக்கட்டுமா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்தான் சார். அங்க எல்லாரும் சாப்பிடாம நமக்காக உக்காந்திருக்காங்க. போய்ச் சாப்பாடே சாப்பிட்டுக்கலாம்." இன்சுலின் போட்டுக்கொண்டு, நாலு இட்லியோடு நூறு கிலோமீட்டர் மிதித்த மனிதரிடம், பதினெட்டு வருடமாகச் சுகர் டெஸ்ட் எடுக்கிற நான் சொன்ன பதில் அது. எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அலுப்பு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டது.

அவர் மறு பேச்சு பேசாமல் வண்டியில் ஏறினார். குளுக்கோஸ் பொட்டலத்தைக் கேட்கவுமில்லை. பேசினால் நான் எரிந்து விழுவேன் என்று நினைத்திருப்பார்.

பட்டுக்கோட்டை தாண்டி நாலு கிலோமீட்டர் போயிருப்போம். வானம் ஒரேயடியாகக் கறுத்தது. அப்போது வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னைத் தாண்டியது. ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற பெரிய போர். அது தாண்டியதும் காற்று சட்டென்று நின்றுபோயிற்று. பெரிய வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்று அடிக்காது, மிதிக்கவே வேண்டாம் போல இருக்கும். சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் இந்தத் திருட்டுச் சுகம் தெரியும். கால் தானாக வேகம் பிடித்தது. நான் டிராக்டரின் பின்னாலேயே போனேன். எனக்கு நூறு அடி முன்னால் போய்க்கொண்டிருந்த பேட்டரிக்காரர், டிராக்டருக்கு வழி விட்டு மண்ணில் இறங்கி, தூசிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வைக்கோலுக்கு அந்தப் பக்கமாக நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

வால் யாரையும் முந்தக் கூடாது. முந்தினேன் என்று தெரிந்தேதான் முந்தினேன். அடுத்த ஊரில் நின்று காத்திருந்தால் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நிற்க வேண்டும், அந்தக் காற்றில் மறுபடி இறங்க வேண்டும்.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. ஒரு பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் ஒதுங்கி நின்றேன். ரோடே தெரியவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். நீலப் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய ஒருவர் சைக்கிளில் என்னைக் கடந்து போனார். முகம் தெரியவில்லை. 'அட, வந்துட்டாரே' என்று நினைத்தேன். வண்டி எது, ஹெல்மெட் இருந்ததா என்று ஒன்றும் பார்க்கவில்லை. அந்த ஊரில் மழைக்கு நீல ஷீட் போர்த்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றும் யோசிக்கவில்லை. அவர்தான் என்று நம்பினால் நான் மறுபடியும் வால். அந்த நம்பிக்கை எனக்குத் தேவையாக இருந்தது. நம்பிக்கொண்டேன்.

மழை விட்டதும் கிளம்பினேன். முன்னால் யாரும் கண்ணில் படவில்லை. கடல் பக்கத்தில் வந்ததும் மனிதருக்கு வேகம் வந்துவிட்டது போல என்று சிரித்துக்கொண்டேன்.

கடற்கரையில் தலை எனக்காக விசில் ஊதினார். தலை ரயில்வேயில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். "வால் வந்தாச்சு, பிரிங்கப்பா" என்றார். எல்லாரும் கை தட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஒருத்தர் படகுக்குப் பக்கத்தில், ஒருத்தர் மரத்தடியில் என்று ஆளுக்கொரு பக்கம் கிடந்தார்கள். கடலோ, அலையே இல்லாமல் சேறும் சகதியுமாக நம்ம ஊர் ஏரி மாதிரி கிடந்தது. இதற்கா மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்தோம் என்று இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து புளியோதரையை இரண்டு வாய் போட்டிருப்பேன். என் பைக்குள்ளே ஒரு போன் அடித்தது.

என் போன் இல்லை. அவருடைய போன்.

"சேர்ந்துட்டீங்களாங்க? அவர் சாப்பிட்டாரா?" அவருடைய மனைவி.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். படகுப் பக்கம் இல்லை. மரத்தடியில் இல்லை. வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களில் அவருடைய பச்சை வண்டி இல்லை.

"பக்கத்துலதான் இருக்கார்ங்க. சாப்பிடப் போறார். கூப்பிடச் சொல்றேன்" என்றேன். எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "சரிங்க" என்று சொல்லி அந்தம்மா வைத்துவிட்டார்.

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அப்போதும் நான் உடனே போய்த் தலையிடம் சொல்லவில்லை. ஒரு ஐந்து நிமிடம் கரையோரமாக நடந்து, யாருக்கும் தெரியாமல் தேடினேன். எங்கேயாவது ஒதுங்கியிருப்பார், வந்துவிட்டால் நான் செய்தது வெளியே வராமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை. என் பையில் அவருடைய குளுக்கோஸ் கிடக்கிறது. அவர் எங்கே கிடக்கிறாரோ. அந்த நினைப்பு வந்த பிறகுதான் தலையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

தலை என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். கையைக் கழுவினார். "வாங்க" என்றார். எங்கள் வேன் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு பேரும் சைக்கிளை எடுத்தோம்.

காற்று இப்போது முதுகில். மிதிக்காமலே வண்டி பறந்தது. அந்தச் சுகம் அன்றைக்கு எனக்கு விஷமாக இருந்தது. இரண்டு பக்கமும் வாய்க்கால், மழைத் தண்ணீர் நிரம்பி ஓடுகிறது. ஒவ்வொரு மதகாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். நீல நிறத்தில் எது தெரிந்தாலும் பிரேக் பிடித்தேன். ரங்கநாதா, ரங்கநாதா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழு கிலோமீட்டர் வந்திருப்போம். ரோட்டோரத் தென்னந்தோப்பில் கொப்பரை காய வைக்கிற களம் ஒன்று இருந்தது. அதன் வேலியில் பச்சை சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. கொட்டகைக்குள் ஒரு சாக்கின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். தலையில் யாரோ துண்டு போர்த்தியிருந்தார்கள். முகம் வெளுத்துப்போய், உதடு காய்ந்து, கையில் ஒரு டீ கிளாஸோடு. உயிரோடு இருந்தார். நான் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டேன்.

களத்தில் வேலை செய்த அம்மா ஒருத்தர்தான் நடந்ததைச் சொன்னார். மழை வருகிறதே என்று கொப்பரை மேல் தார்ப்பாயை இழுத்து மூட ஓடியிருக்கிறார்கள். அப்போது இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியபடி நின்று, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாராம்.

"குடிச்சிருக்கார்னுதான் நெனச்சோம். ரெண்டு பைக்குக்காரங்களும் அப்பிடி நெனச்சுத்தான் பாத்துட்டுப் போயிட்டாங்க. கைய புடிச்சுப் பாத்தா மழையிலயும் சில்லுனு வேர்த்துக் கொட்டுது. எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் வரும். உடனே சீனியை அள்ளி வாயில போட்டு டீயக் குடுத்தேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதானா அந்த மேடம்?" என்று கேட்டார். "கூட யாரும் வரலையா, யாருக்காச்சும் போன் போடணுமான்னு கேட்டா, வேணாம்மா, பின்னாடி ஒரு மேடம் வர்றாங்க, வந்துருவாங்கன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தார்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பட்டுக்கோட்டைப் பக்கம். நான் அவருக்குப் பின்னால்தான் இருக்க முடியும் என்று அவர் நம்பியிருக்கிறார். வால் என்றால் பின்னால்தானே வரும். நான் கடற்கரையில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் நான் வராத திசையைப் பார்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிருங்க சார்" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அவர் தலையைத் தலையை ஆட்டினார். பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன், சாப்பிட்டார். போனைக் கொடுத்தேன். வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ஒண்ணும் இல்ல, மழையில கொஞ்சம் லேட்டு. மேடம் பக்கத்துலதான் இருக்காங்க, நல்லாப் பார்த்துக்கறாங்க."

அந்தக் களத்து அம்மாவுக்கு நான் ஏதாவது கொடுக்கப் போனபோது, கையைத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயைப் பிரிக்கப் போய்விட்டார். வெயில் மறுபடி வந்துவிட்டது, கொப்பரை காய வேண்டுமே.

திரும்பி வரும் வேனில் எல்லாரும் அடித்துப்போட்டது போலத் தூங்கினார்கள். நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தூக்கமும் வராமல் உட்காரவும் முடியாமல் வந்தேன். சத்திரத்தில் இறங்கும்போது மணி ஏழே முக்கால் இருக்கும். அவருடைய மனைவி ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேசாமல் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பேட்டரிக்காரர் போனில் அதற்குத்தான் வழி செய்து வைத்திருந்தார். எனக்கு முடியவில்லை. "நான் அவர்கூட இல்லைங்க. அவரை விட்டுட்டு முன்னாடி போயிட்டேன். நீங்க போன் பண்ணினப்ப அவர் எங்க இருக்கார்னே எனக்குத் தெரியாது" என்று சொன்னேன்.

"தெரியும்ங்க" என்றார் அந்தம்மா. குரலில் கோபம் இல்லை. ஒரே களைப்பு. "பக்கத்துல இருந்தா போனை அவர்கிட்டயே குடுத்திருப்பீங்கல்ல."

"அப்புறம் ஏங்க திரும்பக் கூப்பிடலை?"

"பயமா இருந்துச்சு. வேற யாராவது எடுத்து, வேற எதாவது சொல்லிட்டாங்கன்னா? அவரே கூப்பிடட்டும்னு போனை மடியில வச்சுக்கிட்டு சாமி ரூம்லயே உக்காந்துட்டேன். மக எத்தனையோ தடவ சாப்பிடக் கூப்பிட்டா. எந்திரிக்கவே முடியல."

என் கையை மெதுவாக விட்டார். "போயிட்டு வரோம்ங்க" என்று சொல்லி ஸ்கூட்டியை எடுத்தார். பேட்டரிக்காரர் பின்னால் ஏறி உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார்.

எங்கள் கிளப்பில் இப்போது வால் வந்தாலும் வராவிட்டாலும் தலை எண்ணுகிறார்கள். நல்ல பழக்கம்தான். பேட்டரிக்காரரும் அடுத்த மாதமே வந்துவிட்டார், என்னிடம் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரை நான் விட்டுவிட்டுப் போனதைக்கூட, அலுப்பு, காற்று, மழை என்று ஏதாவது காரணம் சொல்லி என்னால் என்றாவது ஒருநாள் மன்னித்துக்கொள்ள முடியும். ஆனால் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு பொய்யைப் பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒரு பெண் சாமி அறையில் போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மிதிக்கிற கால் ஓய்ந்துபோய் அப்படியே நின்றுவிடுகிறது.